கடைசிப் பத்து மீற்றர்

பெரியப்பாவின் போட் கடலில் உடையவில்லை. கரையில்தான் உடைந்தது.

இதைச் சொன்னால் கொழும்பில் என்னோடு படித்த நண்பர்கள் நம்பமாட்டார்கள். "கரைக்கு வந்திட்டுதெண்டா பிறகென்ன பயம்?" என்று கேட்பார்கள். கடல் ஆபத்து, கரை பாதுகாப்பு என்பதுதான் எல்லோருடைய மனதிலும் இருக்கிற படம். தொழிலுக்குப் போகிற சனத்தைக் கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரிச் சொல்வார்கள். வெளியே போய்விட்டால் போட்டுக்கு நிம்மதி. போகும்போதும் வரும்போதும் அலை உடைகிற அந்தக் கோட்டைத் தாண்டுவதுதான் பாடு.

அது வாடைக்காற்று தொடங்கியிருந்த நேரம். பெரியப்பா அலை உடைகிற இடத்துக்கு வெளியே நின்று அலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று பெரிய அலை போனபிறகு ஒரு சின்ன அலையின் முதுகைப் பிடித்து வந்தார். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை. அன்றைக்குப் பின்னால் வந்த அலை கொஞ்சம் முந்திவிட்டது. அணியம் மணலில் குத்தியது, பின்பக்கம் மேலே எழும்பியது, போட் பக்கவாட்டில் திரும்பியது. அடுத்த அலை அதைத் தூக்கி அப்படியே போட்டது. வாடியில் இருந்த ஐந்தாறு பேர் ஓடிப் போய்ப் பிடித்து இழுத்தார்கள். ஆட்களுக்கு ஒன்றுமில்லை, வலையும் தப்பியது. போட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான்.

அந்த வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஒட்டுப் போட்டு அவர் இன்னும் ஒரு வருசம் தொழில் செய்தார். பிறகு ஒருநாள் கடலில் வைத்து ஒட்டு விட்டுவிட்டது. தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தார். போட் போய்விட்டது, லோன் மிஞ்சியது.

நான் சொல்ல வருவது இதைத்தான்: எங்கள் கரையோரத்துப் படகுகளின் ஆயுளைத் தீர்மானிப்பது நடுக்கடல் இல்லை, கரைக்கு முன்னாலுள்ள கடைசிப் பத்து மீற்றர். ஆனால் மீன்பிடி பற்றி நாங்கள் பேசுகிற பேச்சில், போடுகிற திட்டத்தில், கொடுக்கிற நிவாரணத்தில் இந்தப் பத்து மீற்றருக்கு இடமே இல்லை.

முதலில் அந்தப் பத்து மீற்றரில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய கணக்கு இல்லை, ஓ.எல். விஞ்ஞானம் போதும்.

தண்ணீரில் மிதக்கிற படகை நீர் எல்லாப் பக்கமும் பரவலாகத் தாங்குகிறது. உள்ளங்கையில் ஒரு முட்டையை ஏந்துவது மாதிரி. கரையைத் தொட்ட நொடியில் அது மாறுகிறது. பாரத்தின் ஒரு பகுதியை இன்னும் தண்ணீர் தாங்குகிறது, மீதியை மணல் தாங்குகிறது. மணல் தாங்குவது உள்ளங்கை அளவான ஓரிடத்தில். முழுப் படகுக்கும் பங்கிடப்பட்டிருந்த விசை ஒரே புள்ளிக்கு வந்துவிடுகிறது.

இனி வேகம். ஆளும் எஞ்சினும் வலையும் மீனுமாக ஒரு போட் 1000 கிலோ என்று வைப்போம். அலையில் ஏறி செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வருகிறது. அதாவது மணிக்கு 11 கிலோமீற்றர் அளவு, ஒரு ஆள் மெதுவாகச் சைக்கிள் ஓடுகிற வேகம்தான். அதன் இயக்கசக்தி 4500 யூல். இந்தச் சக்தியை எங்காவது கொட்டித்தான் படகு நிற்கவேண்டும். சரிவான நல்ல மணலில் ஒன்றரை மீற்றர் சறுக்கி நின்றால், சராசரியாக 3000 நியூட்டன் விசை. ஏறக்குறைய 300 கிலோ பாரம். நல்ல படகுக்கு அது பெரிய விசயமில்லை. அதே படகு அதே வேகத்தில் ஒரு கல்லில் மோதி 5 சென்ரிமீற்றருக்குள் நின்றால்? 90,000 நியூட்டன். ஒன்பது தொன் பாரம், ஒரு புள்ளியில்.

படகும் அதேதான், ஓட்டியும் அதேதான், வேகமும் அதேதான். நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் மாறியது. அந்தத் தூரத்தைக் கொடுப்பது கரை. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற அலை தள்ளும்போது வேகம் ஓட்டியின் கையில் இருப்பதில்லை.

அடுத்தது, அணியம் தரையிலும் பின்பக்கம் தண்ணீரிலும் இருக்கிற அந்த அரை நிமிசம். ஒவ்வொரு அலையும் பின்பக்கத்தைத் தூக்கிப் போடுகிறது. அங்கேதான் எஞ்சின் தொங்குகிறது. 25 குதிரைவலு எஞ்சின் ஐம்பது கிலோ அளவில் வரும். ஒவ்வொரு முறை விழும்போதும் அந்தப் பாரம் பின்பலகையைப் பிடுங்கப் பார்க்கிறது. அலை கொஞ்சம் சரிவாக வந்தால் படகு முறுக்கப்படுகிறது. துணியைப் பிழிகிற மாதிரி அணியம் ஒருபக்கமும் பின்பக்கம் மறுபக்கமும் திரும்பப் பார்க்கும்.

பிறகு இழுப்பு. ஆட்கள் சேர்ந்து, இல்லாவிட்டால் உழவு மெசினில் கட்டி, மணலில் இழுக்கிறோம். மணல் என்பது பெரும்பாலும் படிகக்கல்லின் தூள். பைபர் போட்டின் மேல்பூச்சை விட அது கடினமானது. ஒருநாளைக்கு இரண்டு தடவை அரத்தாள் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்க்கிறோம் என்று வையுங்கள். மேல்பூச்சு போய் உள்ளே இருக்கிற கண்ணாடி நார் வெளியே வந்தால் அது தண்ணீரைக் குடிக்கும். வருசா வருசம் போட் பாரமாகிக்கொண்டு போகிறது என்று பெரியப்பா சொல்லுவார். வயசு போகிறபடியால் அவருக்கு அப்படித் தெரிகிறது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அவர் சொன்னதுதான் சரி.

பைபரில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. மரம் உடைந்தால் தெரியும். பைபரில் அடுக்குகள் உள்ளுக்குள்ளே ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், வெளியே ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். பழைய ஆட்கள் ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இடத்தில் "ணங்" என்று கேட்கும், பிரிந்த இடத்தில் சத்தம் செத்திருக்கும். பெரியப்பாவும் தட்டிப் பார்த்தார். சத்தம் செத்திருந்தது அவருக்குத் தெரியும். புதுப் போட் வாங்கக் காசில்லை என்பதும் தெரியும்.

எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் கரைதட்டின கப்பல் என்றால் ஃபாரா 3 தான். இந்தியாவிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு தென்னாபிரிக்காவுக்குப் போன ஜோர்தான் கப்பல். 2006 டிசம்பரில் எஞ்சின் பழுதாகி, கடல் கொந்தளிப்பில் இழுபட்டு, முல்லைத்தீவுக் கரையில் ஏறியது. யுத்தம் முடிந்த 2009இலும் அது அங்கேயேதான் நின்றது. சின்ன வயதில் அதைப் பார்த்து, இவ்வளவு பெரிய இரும்பு ஏன் திரும்பிப் போக முடியாமல் நிற்கிறது என்று யோசித்திருக்கிறேன். போட்டுக்கு நடக்கிறதுதான் கப்பலுக்கும் நடக்கிறது, அளவுதான் வேறு. கரையேறின கப்பலைச் சுற்றி நீரோட்டம் மணலை அரிக்கும். பெரும்பாலும் முன்னுக்கும் பின்னுக்கும் அரித்துக்கொண்டு போகும், நடுப்பகுதி மேட்டில் நிற்கும். இரண்டு முனையும் அந்தரத்தில் தொங்க, முதுகில் முழுப் பாரமும் விழும். கப்பலின் முதுகு முறிவது இப்படித்தான். ஒழுங்குபடுத்தாத கரையில் ஏறுவதற்கென்று கட்டாத எதுவும், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அங்கே பலவீனமானதுதான்.

அந்தக் கரையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 2009 பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கம் அமர்த்திய கப்பல் காயக்காரரை ஏற்றுவதற்கு முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு வந்துபோனது. கப்பல் கரைக்கு வரமுடியாது. இறங்குதுறை இல்லை. அது வெளியே நிற்க, சின்னப் படகுகளில்தான் காயக்காரரைக் கொண்டுபோய் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான ஆட்கள் அப்படி உயிர் தப்பினார்கள். அலை உடைகிற அந்தக் கோட்டைத் தாண்டத் தெரிந்த படகும், தாண்டத் தெரிந்த கையும் இருந்ததால்தான் அது நடந்தது. இதற்கு மேல் அதைப்பற்றி நான் எழுதவில்லை. கடைசிப் பத்து மீற்றர் என்பது மீன்பிடிப் பிரச்சினை மட்டுமில்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

சரி, இதற்கு வழியே இல்லையா? இருந்தது. எங்களுக்கு முந்தின ஆட்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னர் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, ஆட்களையும் சாமான்களையும் மசூலாப் படகுகளில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் படகில் ஆணி இல்லை, குறுக்குச் சட்டங்கள் இல்லை. பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்திருப்பார்கள். கரையில் அடிபடும்போது முழுப் படகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த விறைப்பான படகு உடைகிற இடத்தில் தைத்த படகு நெளிந்து தப்பும். மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். நிற்கிற தூரத்தைக் கூட்டினால் விசை குறையும். அந்தத் தூரத்தின் ஒரு பங்கைப் படகே தன் உடம்புக்குள் வைத்திருந்தது. கட்டுமரம் இன்னும் கெட்டித்தனம். அதில் உடைவதற்கு ஓடே இல்லை. கட்டை கட்டையாகக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்த ஆட்கள் நியூட்டனைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் கரையைப் பார்த்துவிட்டுத்தான் படகு கட்டினார்கள்.

நாங்கள் செய்தது தலைகீழ். பைபர் போட் வந்தது நல்லதுதான். பாரம் குறைவு, உளுக்காது, எஞ்சின் பூட்டலாம், தூரம் போகலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கரைக்கு எந்தப் போட் என்ற கேள்வி காணாமல் போய்விட்டது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அது உச்சத்துக்குப் போனது. சுனாமியில் படகெல்லாம் போனபின் எல்லாருக்கும் அவசரம். எத்தனை போட் கொடுத்தோம் என்ற எண்ணிக்கைதான் அறிக்கைக்குத் தேவைப்பட்டது. அப்போது கொடுக்கப்பட்ட படகுகளில் தரமில்லாதவையும் இருக்கின்றன என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமே எச்சரித்தது. பெரியப்பாவுக்குக் கிடைத்ததும் அந்தக் காலத்துப் போட்தான். ஒரு நிறுவனம் கொடுத்தது. பெயிண்ட் பளபளப்பாக இருந்தது, நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அடிப்பக்கம் எத்தனை அடுக்கு என்று யாரும் கேட்கவில்லை. "சும்மா தாற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதோ" என்று பெரியம்மா அப்போது சொன்னது ஞாபகம். அந்தப் பல்லைப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் இதற்கான அறிவு எங்கேயோ தூரத்தில் இல்லை. 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்று இருந்தது, உணவு விவசாய நிறுவனத்தோடு சேர்ந்தது. இந்தியக் கிழக்குக் கரைக்கும் இலங்கைக்கும் என்றே கரையேறு படகுகளை வடிவமைத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அலைக்குள்ளால் வந்து மணலில் ஏறக்கூடிய அடி, கரை நெருங்கும்போது மேலே தூக்கிவிடக்கூடிய சுழலியோடு டீசல் எஞ்சின் என்று கனக்க வேலை நடந்தது. பைபரில் கரையேறு படகு எப்படிக் கட்டுவது என்று உணவு விவசாய நிறுவனம் தனிக் கையேடே போட்டிருக்கிறது. எங்கள் ஊர் வாடியில் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு ஆளைக்கூட நான் காணவில்லை.

யுத்தத்துக்கு என்றால் மட்டும் உலகம் இந்தப் பத்து மீற்றரை ஒழுங்காகப் படித்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் எல்.எஸ்.ரி என்ற தரையிறக்கக் கப்பலைக் கட்டினார்கள். 100 மீற்றர் நீளம். தட்டையான அடி. கரைக்கு வரும்போது முன்பக்கம் ஒரு மீற்றர் தண்ணீர் போதும், பின்பக்கம் மூன்று மீற்றர் அளவு. அதாவது கரையின் சரிவைப் பார்த்து அடியின் சரிவை அமைத்தார்கள். அதனால் பாரம் ஒரு புள்ளியில் விழாமல் நீளத்துக்குப் பரவும். கடலில் ஓடும்போது தாங்கிகளில் தண்ணீர் நிரப்பி ஆழமாகப் போகும், கரைக்கு வரும்போது அதை வெளியே விட்டு மேலே எழும்பும். கரைக்கு வருமுன் பின்பக்க நங்கூரத்தைப் போட்டுவிட்டு வரும். பக்கவாட்டில் திரும்பாமல் பிடித்துக்கொள்வதும், திரும்பிப் போகும்போது இழுத்துக்கொள்வதும் அந்த நங்கூரம்தான்.

1944 ஜூன் மாதம் நோர்மண்டியில் நடந்தது இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அங்கே செயற்கைத் துறைமுகங்கள் இரண்டைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஜூன் 19இல் தொடங்கிய புயலில் அமெரிக்கர்களின் துறைமுகம் உடைந்துபோனது. பிரித்தானியர்களுடையது தப்பித் தொடர்ந்து வேலை செய்தது. துறைமுகம் போன கரையில் என்ன செய்தார்கள்? தரையிறக்கக் கப்பல்களை நேரே மணலில் ஏற்றினார்கள். வற்றுப்பெருக்கில் கப்பல் உலர்ந்த மணலில் நிற்கும், சாமானை இறக்கும், பெருக்கில் மிதந்து போகும். கரையைத் தெரிந்து கட்டின அடி இருந்தபடியால் துறைமுகம் இல்லாமலும் வேலை நடந்தது.

ஆட்களைக் கொல்லுவதற்கு இவ்வளவு யோசித்தவர்கள், மீன் பிடிக்கிறவனுக்கு ஏன் யோசிக்கவில்லை என்று கேட்டால் அரசியல்தான் பதில். அதைவிட்டு எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

இங்கே யாரிடம் பேசினாலும் "துறைமுகம் வேணும்" என்பார்கள். தேர்தலுக்குத் தேர்தல் அதைத்தான் வாக்குறுதியாகத் தருகிறார்கள். நாள்கணக்கில் கடலில் நிற்கிற பெரிய படகுகளுக்குத் துறைமுகம் கட்டாயம் வேணும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் விடிய வெளிக்கிட்டுப் பத்து மணிக்குக் கரைக்கு வருகிற பைபர் போட்டுக்காக ஊருக்கு ஒரு துறைமுகம் கட்டமுடியாது. கட்டவும் கூடாது. எங்கள் கிழக்குக் கரையில் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு அணையைப் போட்டால் ஒருபக்கம் மணல் சேரும், மறுபக்கத்து ஊரைக் கடல் தின்னும். அந்த ஊருக்குக் கல்லுப் போடுவார்கள். கல்லுப் போட்ட கரையில் போட் ஏற்ற முடியாது. ஒன்றரை மீற்றர் சறுக்கி நிற்க வேண்டியவன் 5 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டி வரும். கணக்கு மேலே இருக்கிறது.

"அப்ப துறைமுகத்தை விட்டிட்டு றோலர் கேக்கச் சொல்லுறியோ? எங்கட சனம் எப்பவும் குறைச்சுத்தான் கேக்கவேணுமோ?" என்று ஒரு நண்பன் கோபப்பட்டான். நியாயமான கோபம். என் பதில் இதுதான்: துறைமுகத்தைக் கேளுங்கள். ஆனால் அது வரும்வரைக்கும், அது வராத ஊர்களிலும், ஒவ்வொரு நாளும் போட் மணலில்தான் ஏறப்போகிறது. அந்த மணலுக்கு நாங்கள் கேட்கக்கூடியது இருக்கிறது. அது குறைச்சல் இல்லை, வேறு.

ஒன்று, போட் கொடுக்கிறவர்கள், அது அரசாங்கமோ நிறுவனமோ, முதலில் கரையைப் பார்க்கவேண்டும். களப்பில் கட்டுகிற போட்டும் திறந்த கடற்கரையில் ஏறுகிற போட்டும் ஒன்றில்லை. கரையேறுகிற போட்டுக்கு அடியில் கூடுதல் அடுக்கு வேணும். அடி முதுகில், தேயத் தேயக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு பட்டி வேணும். செருப்புக்கு அடித்தோல் மாற்றுகிறோம், போட்டுக்கு ஏன் மாற்றக்கூடாது?

இரண்டு, ஒவ்வொரு இறங்குதுறைக்கும் ஒரு வின்ச்சும் கொஞ்சம் றோலரும். ஒரு மீனவர் சங்கம் பராமரிக்கக்கூடிய சாமான். போட்டின் அடி மட்டுமில்லை, ஆட்களின் முதுகும் தப்பும். ஐம்பது வயதில் குனிய ஏலாமல் இருக்கிற எத்தனை பேரை எங்கள் ஊர்களில் பார்க்கிறோம். கடல் செய்த வேலை இல்லை அது, இழுப்புச் செய்த வேலை.

மூன்று, ஊருக்கு ஒரு சுத்தமான பாதை. கல்லு, பழைய இரும்பு, உடைந்த கொங்கிறீற் எதுவும் இல்லாத ஒரு இருபது முப்பது மீற்றர் அகலமான கரை. இரவில் வருகிறவனுக்கு அந்தப் பாதைக்கு நேராக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, உயரம் கூடக்குறைய இரண்டு லைற். இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் நேரே வருகிறான் என்று அர்த்தம். இதற்கு அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டத் தேவையில்லை.

நான்கு, ஒவ்வொரு கரையிலும் பைபர் வேலையை ஒழுங்காகப் படித்த இரண்டு பெடியள். வெள்ளைக் கோட்டுக்கு மேலே சும்மா ஒட்டாமல், பிரிந்த அடுக்கைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, அடுக்கடுக்காகக் கட்டத் தெரிந்தவர்கள். எங்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் எத்தனையோ பாடம் இருக்கிறது. இதையும் சேர்க்கலாம்.

இதில் எதுவும் புதிதில்லை. தைத்த படகு கட்டினவனுக்குத் தெரிந்ததுதான். கரையை மாற்ற முடியாவிட்டால் படகை மாற்று, இரண்டையும் மாற்ற முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வை.

பெரியப்பா இப்போது தொழிலுக்குப் போவதில்லை. பின்னேரத்தில் வாடியில் வந்து இருப்பார். போட் வரும்போது மற்ற ஆட்கள் மீனைப் பார்ப்பார்கள், அவர் அடியைப் பார்ப்பார். போன கிழமை அவரின் மகன் லோன் எடுத்து ஒரு போட் வாங்கினான், பழையது. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் மடியிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, அணியத்தில் தொடங்கிக் கடைசிவரைக்கும் தட்டிக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் நின்று திரும்பவும் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "வாடைக்கு முதல் இதுக்கு அடியில ஏதும் போடவேணும்" என்றார்.

வாடை தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.